ஆக்செஸ் புதிய பதிப்புக்கு மாறியதும் டேட்டாபேஸ் ஊர்கிறதா? எங்கே தேடுவது, எதை மாற்றுவது

கேள்வி: மைக்ரோசாஃப்ட் ஆக்செஸ் 2003-இல் பல வருடமாகத் தொல்லை இல்லாமல் ஓடிய டேட்டாபேஸ் எங்களிடம் இருக்கிறது. டேபிள்கள் உள்ள பேக் எண்ட், ஃபைல் சர்வரில் இருக்கிறது. ஆறு பேர் பயன்படுத்துகிறோம். போன மாதம் கணினிகளை மாற்றினோம், ஆஃபீஸையும் புதிய பதிப்பாகப் போட்டோம், பழைய எம்டிபி வடிவ ஃபைலைப் புதிய ஏசிசிடிபி வடிவம் ஆக்கினோம். அன்றிலிருந்து இரண்டு விநாடியில் திறந்த ஃபார்ம் இருபது விநாடி எடுக்கிறது. கம்பாக்ட் அண்ட் ரிப்பேர் செய்தும் பலன் இல்லை. பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாமா?

பதில்: திரும்ப வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே ஒரு துப்பு இருக்கிறது. கணினி, அதோடு வந்த விண்டோஸ், ஆஃபீஸ், ஃபைல் வடிவம் ஆகிய நான்கையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மாற்றியிருக்கிறீர்கள். பழி மட்டும் ஆக்செஸ் மேல் விழுகிறது.

ஏசிசிடிபி வடிவம் ஆக்செஸ் 2007-இல் வந்தது. அதுவரை தரவைப் படித்து எழுதிவந்த ஜெட் இஞ்சினை எடுத்து, சில வசதிகளைச் சேர்த்து, சிலவற்றைக் கழித்து, ஏஸ் என்று பெயர் மாற்றினார்கள். ஆனால் அடிப்படை வேலைமுறை மாறவில்லை. இதுவும் ஃபைலைப் பகிர்ந்துகொள்ளும் இஞ்சின்தான். சர்வரிலேயே ஓடும் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்கியூஎல் சர்வர் போல, கேள்வியை வாங்கிக்கொண்டு விடையை மட்டும் அனுப்பும் ஆள் சர்வர் பக்கம் யாரும் இல்லை. உங்கள் சர்வர் இங்கே கணக்குப்பிள்ளை அல்ல, வெறும் அலமாரி. ஆறு கணினிகளிலும் ஆறு கணக்குப்பிள்ளைகள் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு முறையும் அலமாரி வரை நடந்துபோய் 4 கேபி அளவுள்ள பக்கங்களை எடுத்துவந்து தங்கள் மேஜையில் வைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள். நடை எத்தனை என்பதில்தான் வேகம் இருக்கிறது. கீழே சொல்லும் எல்லாமே அந்த நடையைக் குறைக்கும் வழிகள்தான்.

எதையும் தொடுவதற்கு முன்னால் இரண்டு சோதனைகள். அரை மணி நேரம் போதும்.

முதலாவது: எல்லோரும் வெளியேறிய பிறகு பேக் எண்ட் ஃபைலின் நகல் ஒன்றை உங்கள் கணினியின் சொந்த டிஸ்கில் வையுங்கள். ஃபார்ம்களும் ரிப்போர்ட்களும் உள்ள ஃபைலான ஃப்ரண்ட் எண்டின் நகல் ஒன்றை எடுத்து, லிங்க்டு டேபிள் மேனேஜர் மூலம் அதை இந்த உள்ளூர் ஃபைலோடு இணையுங்கள். அந்த இருபது விநாடி ஃபார்மைத் திறந்து பாருங்கள். ஒரு விநாடியில் திறந்தால் கோளாறு நடையில், அதாவது நெட்வொர்க் பக்கம். இங்கேயும் பதினைந்து விநாடி எடுத்தால் நெட்வொர்க்கை மறந்துவிடுங்கள். கோளாறு கொயரி (டேபிளிலிருந்து தரவைக் கேட்டு எடுப்பது), இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் வரிசைப் பட்டியல்), விபிஏ (ஆக்செஸுக்குள் எழுதும் நிரல்), பிரிண்டர் இவற்றில் ஏதோ ஒன்று.

இரண்டாவது: மறுபடி சர்வர் ஃபைலோடு இணைத்துக்கொண்டு, நீங்கள் ஒருவர் மட்டும் உள்ளே இருக்கும்போது ஃபார்மைத் திறந்து நேரத்தைக் குறியுங்கள். பிறகு இன்னொருவரை உள்ளே வரச்சொல்லி, அதே ஃபார்மைத் திறந்து மறுபடி குறியுங்கள். தனியாக இருக்கும்போது 3 விநாடி, இரண்டாம் ஆள் வந்ததும் 18 விநாடி என்று வந்தால், நோய் இன்னதென்று கிட்டத்தட்ட தெரிந்துவிட்டது.

இரண்டாம் ஆள் வந்ததும் வேகம் ஏன் குறைகிறது? ஒரு ஃபைலை ஒரே ஒரு கணினி மட்டும் திறந்திருந்தால், விண்டோஸ் அந்தக் கணினிக்குச் சலுகை தருகிறது: எடுத்துப்போன பக்கங்களை உன்னிடமே வைத்துக்கொள், மறுபடி மறுபடி கேட்க வேண்டாம் என்கிறது. வேறொருவர் அதே ஃபைலைத் திறந்ததும் அந்தச் சலுகை ரத்தாகிறது. அதற்குப் பிறகு நடைகளின் எண்ணிக்கை பல மடங்காகிறது. இது ஆக்செஸின் குற்றமும் இல்லை, விண்டோஸின் குற்றமும் இல்லை. இரண்டு பேர் எழுதக்கூடிய ஃபைலுக்கு வேறு வழி கிடையாது.

இதோடு சேர்ந்து இன்னொன்று நடக்கும். பேக் எண்டை யாராவது திறந்தவுடன் அதன் பக்கத்தில் ஒரு பூட்டு ஃபைல் உருவாகும். எம்டிபிக்கு அதன் பின்னொட்டு எல்டிபி, ஏசிசிடிபிக்கு எல்ஏசிசிடிபி. யார் உள்ளே இருக்கிறார்கள் என்ற குறிப்பு அதில்தான் இருக்கும். கடைசி ஆள் வெளியேறியதும் அது அழிக்கப்படும். கவனிக்க வேண்டியது இது: உங்கள் ஃப்ரண்ட் எண்ட் திறந்திருப்பதாலேயே பேக் எண்டும் திறந்திருப்பதாக அர்த்தம் இல்லை. பேக் எண்டிலுள்ள டேபிள் எதையும் பயன்படுத்தும் ஃபார்ம் திறந்திருக்காத நேரத்தில் ஆக்செஸ் அந்தத் தொடர்பை மூடிவிடும். அடுத்த ஃபார்மைத் திறக்கும்போது ஃபைலைத் திற, பூட்டு ஃபைலைத் தேடு, இல்லாவிட்டால் உருவாக்கு, உன் பெயரை எழுது என்று சடங்கு முழுவதும் மறுபடி. புதிய கணினிகளில் புதிய ஆண்டிவைரஸும் இருந்தால், ஒவ்வொரு முறை பூட்டு ஃபைல் பிறக்கும்போதும் அது வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். யாரும் இல்லாத நேரத்தில் பேக் எண்ட் இருக்கும் ஃபோல்டரை ஒரு பக்கம் திறந்து வையுங்கள். இன்னொரு பக்கம் ஃப்ரண்ட் எண்டைத் திறந்து, ஏதாவது ஒரு ஃபார்மைத் திறங்கள். பூட்டு ஃபைல் தோன்றும். ஃபார்மை மூடுங்கள், சற்று நேரத்தில் மறையும். இப்படித் தோன்றித் தோன்றி மறைந்தால், ஒவ்வொரு ஃபார்மும் கதவை மூடித் திறந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பழைய டேட்டாபேஸில் உங்கள் மெனு ஃபார்மே ஏதோ ஒரு டேபிளைத் தற்செயலாகத் திறந்து வைத்திருந்திருக்கலாம். புதிய பதிப்புக்கு வரும்போது அதை எடுத்துவிட்டு நேவிகேஷன் ஃபார்ம் வைத்தீர்களென்றால், யாருக்கும் தெரியாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கதவுக் கட்டை போயிருக்கும்.

மருந்து எளிது. பேக் எண்டில் ஒரே ஒரு ரெக்கார்டு உள்ள சின்ன டேபிள் ஒன்றை உருவாக்குங்கள். ஃப்ரண்ட் எண்டில் அதை லிங்க் செய்து, அதையே ரெக்கார்டு சோர்ஸாக, அதாவது தரவு வரும் இடமாகக் கொண்ட வெற்று ஃபார்ம் ஒன்று செய்யுங்கள். டேட்டாபேஸ் திறந்ததும் தானே ஓடும் ஆட்டோஎக்ஸெக் மேக்ரோவில் அந்த ஃபார்மை மறைவாகத் திறக்கும் வரியைச் சேர்த்துவிடுங்கள். ஃப்ரண்ட் எண்ட் மூடும்வரை அது மறைவில் திறந்தே இருக்க வேண்டும். விபிஏ தெரிந்தவர்கள் இதையே ஒரு குளோபல் வேரியபிளில் டேட்டாபேஸ் ஆப்ஜெக்டைத் திறந்து வைத்துச் செய்வார்கள், இரண்டும் ஒன்றுதான். பேக் எண்ட் இரண்டு மூன்று ஃபைல்களாகப் பிரிந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒன்று தேவை. பத்து நிமிட வேலை. ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் செய்வேன்.

ஃப்ரண்ட் எண்டும் சர்வரிலேயே ஒரே ஃபைலாக இருந்து, ஆறு பேரும் அதையே திறக்கிறீர்களா? அப்படியானால் அதை முதலில் நிறுத்துங்கள். ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனி நகல் இருக்க வேண்டும். வேகத்துக்கு மட்டுமல்ல, ஃபைல் கெட்டுப்போகாமல் இருக்கவும்தான்.

அடுத்து, இரண்டு பழைய வில்லன்கள். இரண்டுமே ஆக்செஸ் 2000-இல் வந்தவை, இன்றைக்கும் தாமாகவே இயங்கும் நிலையில் வருபவை.

ஒன்று நேம் ஆட்டோகரெக்ட். ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றினால் அதைப் பயன்படுத்தும் கொயரிகளிலும் ஃபார்ம்களிலும் தானே மாற்றித்தருகிறேன் என்று சொல்லும் வசதி. பாதி மாற்றும், பாதி விடும். அதற்காக அது வைத்திருக்கும் கணக்கு, வேகத்தையும் ஃபைல் அளவையும் தின்னும். ஃபைல், ஆப்ஷன்ஸ், கரண்ட் டேட்டாபேஸ் என்று போய், டிராக் நேம் ஆட்டோகரெக்ட் இன்ஃபோ என்ற பெட்டியில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். ஃப்ரண்ட் எண்ட், பேக் எண்ட் இரண்டிலும்.

மற்றொன்று சப்டேட்டாஷீட். டேபிளைத் திறந்தால் ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கம் சின்னக் கூட்டல் குறி வருமே, அதுதான். வாடிக்கையாளர் டேபிளில் அதை அழுத்தினால் அவருடைய ஆர்டர்கள் விரியும். பார்க்க அழகு. ஆனால் டேபிளின் ப்ராபர்ட்டி ஷீட்டில் சப்டேட்டாஷீட் நேம் என்பது ஆட்டோ என்று இருந்தால், தொடர்புள்ள டேபிள்கள் எவை என்று ஆக்செஸ் தானே தேடிப் போகும். லிங்க்டு டேபிள் என்றால் அந்தத் தேடல் முழுவதும் நெட்வொர்க் வழியாக. பேக் எண்ட் டேபிள் ஒவ்வொன்றையும் டிசைன் வியூவில் திறந்து அந்த ப்ராபர்ட்டியை நன், அதாவது எதுவும் இல்லை, என்று மாற்றுங்கள். அப்புறம் ஃப்ரண்ட் எண்டில் பழைய லிங்குகளை நீக்கிவிட்டு மறுபடி லிங்க் செய்யுங்கள். நாற்பது டேபிள் இருந்தால் கை வலிக்கும். பத்து வரி விபிஏ அதைச் செய்துவிடும்.

இனி மாற்றிய ஃபைல் பற்றி. பழைய எம்டிபியைத் திறந்து சேவ் ஆஸ் கொடுத்து ஏசிசிடிபி ஆக்கியிருப்பீர்கள். பெரும்பாலும் அது போதும். ஆனால் பத்துப் பதினைந்து வருடம் திருத்தித் திருத்தி வந்த ஃப்ரண்ட் எண்டில் பழைய குப்பை சேர்ந்திருக்கும். நான் செய்வது: காலி ஏசிசிடிபி ஒன்றை உருவாக்கி, முதலில் அதில் நேம் ஆட்டோகரெக்டை அணைத்துவிட்டு, பிறகு பழைய ஃபைலிலிருந்து ஃபார்ம், ரிப்போர்ட், கொயரி, மாட்யூல் எல்லாவற்றையும் இம்போர்ட் செய்வேன். விபிஏ எடிட்டரில் டூல்ஸ், ரெஃபரன்ஸஸ் (நிரல் சார்ந்திருக்கும் லைப்ரரிகளின் பட்டியல்) திறந்து மிஸ்ஸிங் என்று ஏதாவது வரி இருக்கிறதா என்று பார்ப்பேன். காணாமல்போன ஒரு ரெஃபரன்ஸ், சம்பந்தமே இல்லாத இடத்தில் பிழையாக வந்து நிற்கும். பழைய டிஏஓ 3.6 ரெஃபரன்ஸ் இருந்தால் அதை எடுத்துவிட்டு, புதிய பதிப்போடு வரும் ஆக்செஸ் டேட்டாபேஸ் இஞ்சின் ஆப்ஜெக்ட் லைப்ரரியைப் போட வேண்டும். மாட்யூல் ஒவ்வொன்றின் தலையிலும், வேரியபிள்களை முதலில் அறிவிக்கக் கட்டாயப்படுத்தும் ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட் வரி இருக்கிறதா என்று ஒரு பார்வை. பிறகு டிபக் மெனுவில் கம்பைல். பிழை வந்தால் திருத்தி, மெனுவில் அந்தக் கம்பைல் வரி மங்கலாகும்வரை விடக்கூடாது. கம்பைல் ஆகாத நிலையில் சேமித்த ஃபைலை ஒவ்வொரு முறை திறக்கும்போதும், தேவைப்படும் மாட்யூலை ஆக்செஸ் அங்கேயே கம்பைல் செய்துகொண்டிருக்கும்.

இம்போர்ட் செய்ய நேரமில்லை என்றால் டிகம்பைல் என்ற ஸ்விட்ச் ஒன்று உண்டு. ஆக்செஸின் ஷார்ட்கட்டில் ஃபைல் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டு அந்தச் சொல்லைச் சேர்த்துத் திறந்தால், பழைய கம்பைல் செய்த பகுதிகளை எல்லாம் கழற்றி எறிந்துவிடும். நகல் மேல் மட்டும் செய்யுங்கள். திறக்கும்போது ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஸ்டார்ட்அப் கோடு ஓடி உடனே மறுபடி கம்பைல் ஆகும். பிறகு மூடி, சாதாரணமாகத் திறந்து, கம்பாக்ட், கம்பைல், மறுபடி கம்பாக்ட். கடைசியில் பயனர்களுக்குக் கொடுப்பதை, கம்பைல் செய்த நிரலை மட்டும் கொண்ட ஏசிசிடிஇ வடிவம் ஆக்கிக் கொடுத்தால், கம்பைல் நிலை கலையவே கலையாது.

கம்பாக்ட் செய்தும் பலன் இல்லை என்கிறீர்கள். எதை முதலில் செய்தீர்கள்? வரிசைக்கு அர்த்தம் உண்டு. கம்பாக்ட் என்பது காலி இடத்தைச் சுருக்குவது மட்டுமில்லை. டேபிளில் எத்தனை வரி இருக்கிறது என்பது போன்ற புள்ளிவிவரங்களைப் புதுப்பிக்கிறது, இண்டெக்ஸ்களைக் கட்டுகிறது, சேமித்த கொயரிகளை, அடுத்த முறை ஓடும்போது புதிதாகத் திட்டமிட வேண்டியவை என்று குறித்து வைக்கிறது. சேமித்த கொயரி, தான் முதலில் ஓடியபோது போட்ட திட்டத்தையே வைத்துக்கொண்டிருக்கும். நூறு வரி இருந்தபோது போட்ட திட்டம், மூன்று லட்சம் வரிக்குப் பொருந்தாது. ஆகவே முதலில் பேக் எண்டைக் கம்பாக்ட் செய்து புள்ளிவிவரத்தைச் சரியாக்குங்கள். அதற்கப்புறம் ஃப்ரண்ட் எண்டைக் கம்பாக்ட் செய்து கொயரிகளை மறுதிட்டத்துக்கு அனுப்புங்கள். தலைகீழாகச் செய்தால் பழைய எண்களை வைத்தே புதுத் திட்டம் தயாராகிவிடலாம்.

முதல் சோதனையில் உள்ளூர் டிஸ்கிலேயே மெதுவாக இருந்தவர்களுக்கு இனிமேல்தான் விஷயம்.

இண்டெக்ஸிலிருந்து தொடங்கலாம். கொயரியில் வரிகளை வடிகட்டும் ‘வேர்’ நிபந்தனையில் வரும் ஃபீல்டுகள், இரண்டு டேபிள்களை இணைக்கும் ஜாயினில் வரும் ஃபீல்டுகள், வரிசைப்படுத்தும் ஃபீல்டுகள் ஆகியவற்றுக்கு இண்டெக்ஸ் வேண்டும். எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலருக்குத் தெரியாதது, இண்டெக்ஸ் கூடிப்போவதும் நோய் என்பது. ஆக்செஸ் ஆப்ஷன்ஸில் ஆப்ஜெக்ட் டிசைனர்ஸ் பகுதியில் ஆட்டோஇண்டெக்ஸ் என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் ஐடி, கீ, கோட், நம் என்ற நான்கு சொற்கள் எழுதியிருக்கும். அந்தச் சொற்களில் தொடங்கும் அல்லது முடியும் பெயருள்ள ஃபீல்டை உருவாக்கினாலோ இம்போர்ட் செய்தாலோ, கேட்காமலே ஆக்செஸ் ஓர் இண்டெக்ஸ் போட்டுவிடும். அதே ஃபீல்டை நீங்கள் பிரைமரி கீ ஆக்கினால் இரண்டாவது இண்டெக்ஸ். ரிலேஷன்ஷிப் வரைந்து ரெஃபரன்ஷியல் இன்டக்ரிட்டியை டிக் செய்தால், வெளி டேபிளின் கீ ஃபீல்டுக்கு ஆக்செஸ் கண்ணுக்குத் தெரியாத இண்டெக்ஸ் ஒன்றைத் தானே உருவாக்கும். அது தெரியாமல் நீங்களும் ஒன்று போட்டிருப்பீர்கள். நான் பார்த்த ஆர்டர் விவர டேபிள் ஒன்றில் ஒரே ஃபீல்டுக்கு மூன்று இண்டெக்ஸ் இருந்தது. ஒவ்வொரு புது வரிக்கும் மூன்றையும் எழுத வேண்டும், மூன்றையும் பூட்ட வேண்டும். ஒரு டேபிளுக்கு 32 இண்டெக்ஸ்தான் எல்லை. மறைவான இண்டெக்ஸ்களும் அந்தக் கணக்கில் சேரும். அந்த ஆட்டோஇண்டெக்ஸ் பெட்டியைக் காலியாக்கிவிட்டு, டேபிள் டிசைனில் இண்டெக்ஸஸ் சாளரத்தைத் திறந்து இரட்டைகளைக் களையுங்கள்.

இண்டெக்ஸ் இருந்தும் கொயரி அதைத் தொடாமல் போகலாம். அதிகம் பார்க்கும் தப்பு ஒன்றைக் காட்டுகிறேன். விற்பனைத்தேதி என்ற ஃபீல்டுக்கு இண்டெக்ஸ் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு விற்பனை வேண்டும். கொயரியில் இயர் ஃபங்ஷனை அந்த ஃபீல்டுக்குப் போட்டு, அது 2023-க்குச் சமம் என்று நிபந்தனை எழுதியிருப்பார்கள். படிக்க எளிது. ஆனால் இண்டெக்ஸில் இருப்பவை தேதிகள், ஆண்டுகள் இல்லை. ஆகவே இஞ்சின் ஒவ்வொரு வரியையும் எடுத்து, ஆண்டைக் கணக்கிட்டு, பொருந்துகிறதா என்று பார்க்கும். மூன்று லட்சம் வரியும் நெட்வொர்க்கில் நடந்து வரும். அதையே விற்பனைத்தேதி 1-1-2023 அல்லது அதற்குப் பிறகு, 1-1-2024-க்கு முன் என்று இரண்டு நிபந்தனைகளாக எழுதினால், இண்டெக்ஸில் தொடக்க இடத்துக்கு நேரே போய், முடிவிடம் வரை மட்டும் படிக்கும். பிட்வீன் போட்டு 31-12-2023 என்று முடிக்காதீர்கள். அந்த ஃபீல்டில் மணி நேரமும் சேர்ந்து பதிவாகியிருந்தால் கடைசி நாள் விற்பனை கிட்டத்தட்ட முழுதும் விடுபட்டுப்போகும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்தவை: பெயரின் தொடக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடுவது, டேபிளில் ஒரு மதிப்பைத் தேடும், கூட்டும், எண்ணும் ஃபங்ஷன்களான டிலுக்அப், டிசம், டிகவுண்ட் ஆகியவற்றைக் கொயரிக்குள் ஒவ்வொரு வரிக்கும் போடுவது. டிலுக்அப் தன்னளவில் கெட்டதல்ல. ஃபார்மில் ஒரு பெட்டியை நிரப்ப ஒரு முறை கூப்பிட்டால் சரி. ஐயாயிரம் வரி தரும் கொயரியில் வைத்தால் அது ஐயாயிரம் தனிக் கொயரி. அதை ஜாயினாகவோ சப்கொயரியாகவோ மாற்றினாலே நிமிடக் கணக்கு விநாடிக் கணக்காக இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். நாட் இன் போட்டு எழுதியவற்றையும், முடிந்தால், லெஃப்ட் ஜாயின் போட்டு மறுபக்கம் காலியாக (‘நல்’) உள்ளவற்றை எடுக்கும்படி திருப்பி எழுதுங்கள்.

இஞ்சின் உண்மையில் என்ன திட்டம் போடுகிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. ரிஜிஸ்ட்ரியில் இஞ்சினின் டிபக் கீயின் கீழ் ஜெட்ஷோபிளான் என்ற ஸ்ட்ரிங் மதிப்பைச் சேர்த்து ஆன் என்று வைத்தால், ஓடும் ஒவ்வொரு கொயரியின் திட்டமும் ஷோபிளான் என்ற டெக்ஸ்ட் ஃபைலில் எழுதப்படும். அந்தக் கீயின் இடம் பதிப்புக்குப் பதிப்பு வேறு, 32 பிட்டா 64 பிட்டா என்பதைப் பொறுத்தும் வேறு. திட்டத்தில் ரஷ்மோர் என்ற சொல் வந்தால் மகிழ்ச்சி, இண்டெக்ஸைப் பயன்படுத்துகிறது. இந்த ரஷ்மோர், மைக்ரோசாஃப்ட் 1992-இல் ஃபாக்ஸ் சாஃப்ட்வேரை வாங்கியபோது ஃபாக்ஸ்ப்ரோவோடு கூட வந்த நுட்பம். ஸ்கேனிங் என்று வந்தால் டேபிளை மொத்தமாக வாரிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்; திருத்த வேண்டிய கொயரி அதுதான். வேலை முடிந்ததும் மறக்காமல் ஆஃப் செய்யுங்கள், அந்த டெக்ஸ்ட் ஃபைல் வளர்ந்துகொண்டே போகும்.

ஃபார்ம்களில் நான் முதலில் பார்ப்பது ரெக்கார்டு சோர்ஸ். வாடிக்கையாளர் டேபிள் முழுவதையும் கட்டிக்கொண்டு திறந்து, பிறகு ஒருவரைத் தேடும் ஃபார்மாக இருந்தால், முதலில் யார் வேண்டும் என்று கேட்டுவிட்டு, அந்த ஒருவருடைய ரெக்கார்டை மட்டும் எடுத்துத் திறக்கும்படி மாற்றுங்கள். டேப் கன்ட்ரோலில் ஆறு டேப், ஆறிலும் சப்ஃபார்ம் இருந்தால், ஃபார்ம் திறக்கும்போதே ஆறும் தரவை இழுக்கும், பயனர் பார்ப்பது ஒன்றை மட்டும். சப்ஃபார்மின் சோர்ஸ் ஆப்ஜெக்டைக் காலியாக விட்டு, அந்த டேபைச் சொடுக்கும்போது நிரப்புங்கள். பல்லாயிரம் வரி உள்ள காம்போ பாக்ஸ்களுக்கும் இதே வைத்தியம்: முதல் மூன்று எழுத்து தட்டிய பிறகு ரோ சோர்ஸை அமையுங்கள். பார்க்க மட்டுமே உள்ள ஃபார்ம்களுக்கு ரெக்கார்டுசெட் டைப் ஸ்னாப்ஷாட்.

புதிய பதிப்புக்கு மாறியதில் கிடைத்த நல்லது ஒன்றையும் சொல்ல வேண்டும். பழைய எம்டிபியில் ஃபார்மில் வைத்த லோகோ எந்த வடிவத்தில் இருந்தாலும் பிட்மேப்பாக மாற்றிச் சேமிக்கப்படும். சின்ன ஜேபெக் படம் பல மடங்கு ஊதிவிடும். ஏசிசிடிபியில் கரண்ட் டேட்டாபேஸ் ஆப்ஷன்ஸில் மூலப்பட வடிவத்தையே காப்பாற்றும் தேர்வு இருக்கிறது. அதைத் தேர்ந்து, ஃபார்ம்களில் உள்ள படங்களை எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். ஃப்ரண்ட் எண்ட் இளைத்துவிடும். ஆனால் ஏசிசிடிபியோடு வந்த அட்டாச்மெண்ட் ஃபீல்டில் ஆவணங்களைக் கொட்டாதீர்கள். ஃபைலின் மொத்த எல்லை அன்றும் இன்றும் 2 ஜிபிதான். ஆவணங்கள் ஃபோல்டரில் இருக்கட்டும், டேபிளில் அவற்றின் பாதை மட்டும் போதும்.

பிரிண்டரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு முறை ரிப்போர்ட் திறக்க அரை நிமிடம் எடுக்கிறது என்று கூப்பிட்டார்கள். இரண்டு நாள் அதன் கொயரியைத் தோண்டினேன். இண்டெக்ஸ் சரி, ஜாயின் சரி, கொயரியைத் தனியாக ஓட்டினால் ஒரு விநாடி. கடைசியில் பார்த்தால், புதுக் கணினியில் டீஃபால்ட் பிரிண்டராக இருந்தது எப்போதோ கழற்றிப்போட்ட ஒரு நெட்வொர்க் பிரிண்டர். ரிப்போர்ட்டை அடுக்க, தாளின் அளவு, ஓரம் எல்லாம் தெரிய வேண்டும் என்று ஆக்செஸ் பிரிண்டர் டிரைவரைக் கேட்கும். அந்தப் பக்கம் பதில் சொல்ல ஆள் இல்லை. பிடிஎஃப் பிரிண்டரை டீஃபால்ட் ஆக்கினேன், ரிப்போர்ட் உடனே திறந்தது. இப்போதெல்லாம் புதுக் கணினி என்று கேட்டவுடன் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். உங்களுக்கு ஒரு நிமிட வேலை.

நெட்வொர்க் பக்கம் சில வரிகள். பேக் எண்ட் ஃபோல்டரையும், ஏசிசிடிபி, எல்ஏசிசிடிபி பின்னொட்டுகளையும் ஆண்டிவைரஸின் உடனடிச் சோதனையிலிருந்து விலக்கச் சொல்லுங்கள். கணினித் துறையில் இருப்பவர் முகம் சுளித்தால், ராத்திரி முழுச் சோதனையில் அது சேரட்டும் என்று பேசி முடியுங்கள். பேக் எண்டை ஆழமான ஃபோல்டர்களுக்குள் நீளப் பெயரோடு வைக்காமல், பகிர்ந்த ஃபோல்டரின் மேல்மட்டத்திலேயே சின்னப் பெயரோடு வையுங்கள். வைஃபையில் ஆக்செஸ் வேண்டவே வேண்டாம். ஒரு நொடி இணைப்பு அறுந்தால், எழுதிக்கொண்டிருந்த பக்கம் பாதியில் நின்று ஃபைலே கெடலாம். ஒன்டிரைவ் போன்ற ஒத்திசைவு ஃபோல்டரில் பேக் எண்டை வைப்பது அதைவிட மோசம். இன்னொன்று: விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, ஃபைல் பகிர்வில் ஒவ்வொரு செய்திக்கும் கையொப்பமிடுவது புரோ, எண்டர்பிரைஸ் பதிப்புகளில் இயல்பாகவே கட்டாயம். அதற்குக் கொஞ்சம் விலை உண்டு. பாதுகாப்புக்காக வைத்ததை அணைக்கச் சொல்ல மாட்டேன். நடையைக் குறைத்தால் கையொப்பமும் தானே குறையும்.

மொத்தமாகப் பல்லாயிரம் வரியை மாற்றும் அப்டேட் கொயரிகள் மட்டும் இழுக்கின்றன என்றால், கிளையண்ட் செட்டிங்ஸில் ரெக்கார்டு அளவில் பூட்டும் தேர்வை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பூட்டுவதற்குப் பதில் பக்கம் பக்கமாகப் பூட்டும். ஆனால் ஒரே பக்கத்தில் உள்ள இரண்டு ரெக்கார்டுகளை இரண்டு பேர் திருத்தப் போனால் ஒருவர் காத்திருக்க வேண்டிவரும்.

64 பிட் ஆஃபீஸ் போட்டால் வேகம் கூடுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கூடப்போவதில்லை. விண்டோஸ் ஃபங்ஷன்களைக் கூப்பிடும் ஏபிஐ டிக்ளேர் வரிகளில் எல்லாம் பிடிஆர்சேஃப் என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும், பழைய 32 பிட் ஆக்டிவ்எக்ஸ் கன்ட்ரோல்கள் ஓடாது, 2 ஜிபி எல்லை அப்படியே இருக்கும். ஆஃபீஸ் 2019-இலிருந்து 64 பிட்தான் இயல்பாக நிறுவப்படுகிறது என்பதால், தெரியாமலே அதற்கு மாறியிருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேக் எண்டை எஸ்கியூஎல் சர்வருக்கு மாற்றுவது பற்றி யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். எக்ஸ்பிரஸ் பதிப்பு இலவசம், தரவுப் பாதுகாப்புக்கும் வளர்ச்சிக்கும் நல்லது. ஆனால் டேபிளை மாற்றி ஓடிபிசி என்ற இணைப்பு வழியில் லிங்க் செய்துவிட்டு, ஃபார்ம்களை அப்படியே விட்டால், பல இடங்களில் இப்போதைவிட மெதுவாகும். அங்கே கணக்குப்பிள்ளை சர்வரிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் போய் எல்லாப் புத்தகத்தையும் கொடு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டால் அவர் எதற்கு? ஃபார்முக்கு வேண்டிய ரெக்கார்டை மட்டும் கேட்பதும், விபிஏ ஃபங்ஷன்களைக் கொயரியிலிருந்து வெளியே எடுப்பதும், கனமான கொயரிகளை சர்வரிடமே அப்படியே அனுப்பும் பாஸ்-த்ரூ ஆக்குவதும் அங்கேயும் செய்தாக வேண்டிய வேலைதான். எப்படியும் செய்யப்போகிறீர்கள், இங்கேயே செய்து பாருங்கள். பிறகும் ஆறு பேருக்குப் போதவில்லை என்றால் அப்போது மாற்றலாம்.

நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், இன்றைக்கு மாலை எல்லோரும் போன பிறகு அந்த மறைவு ஃபார்ம், நேம் ஆட்டோகரெக்ட், சப்டேட்டாஷீட், டீஃபால்ட் பிரிண்டர் ஆகிய நான்கையும் இந்த வரிசையிலேயே, ஒன்று முடித்து நேரம் பார்த்த பிறகு அடுத்தது என்று செய்யுங்கள். நான்கையும் ஒரே மூச்சில் மாற்றினால், எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.